பைபுவா காட்டிய கொடுவா

"அக்கா, இவரு! இவருதான் பெருசு!"

பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு, கண்ணாடி மீன்தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பைபுவா போட்ட கூச்சலில், பட்டாயா கடற்கரை உணவகத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு வயதுக்கு அவளுக்குத் தொண்டை அதிகம்.

அவள் தம்பி ஓம்சின் எல்லா மீனையும் காட்டி "இது! இது!" என்று குதித்தான். கடலே இல்லாத எங்கள் ஊர் கொன்கேனிலிருந்து வழியெல்லாம் வாந்தி எடுத்த பிள்ளை. கடலைக் கண்டதும் எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வந்ததோ!

என் வீட்டுக்காரர் வீரயுத் இவர்களைவிட மோசம். எலுமிச்சை பிழிந்து ஆவியில் வேகவைத்த முழுக் கொடுவா. கார் கிளம்பியதிலிருந்து இதே பேச்சு. ஐஸில் கிடந்த மீனைத் தின்று நாக்கே செத்துவிட்டதாம். நீந்துகிற மீனைக் கைகாட்டிச் சாப்பிட வேண்டுமாம். கைகாட்டும் பொறுப்பை மகளிடம் கொடுத்தவரும் அவர்தான்.

பரிமாறும் பெண் வலையை விட்டு அள்ளினாள். கொடுவா ஒரு துள்ளு துள்ளியதில் அவள் முகமெல்லாம் தண்ணீர் அடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

அப்போதுதான் பைபுவா இரண்டு கைகளையும் கூப்பி அந்த மீனைக் கும்பிட்டாள்.

"அக்கா, நிறைய தண்ணி ஊத்தி வாளியில குடுங்க. அப்பா கையாலதான் கடல்ல விடணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் ஊர் புத்த விகாரைப் படித்துறையில் உயிர்மீன் விற்பார்கள். பிறந்தநாள், பண்டிகை என்றால் ஒன்றைக் கைகாட்டி வாங்கி, கும்பிட்டு, தண்ணீரில் விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வோம். கைகாட்டி வாங்கும் மீன் என்றால் குழந்தைக்கு அது ஒன்றுதானே தெரியும்! அடப்பாவமே, இதையும் அப்படி நினைத்துவிட்டாளே!

வீரயுத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, சொல்லிடலாமா?" என்று கிசுகிசுத்தேன்.

"என்னன்னுடி சொல்றது? நீ கும்பிட்டவரைத்தான் இப்பத் திங்கப்போறோம்னா?"

பரிமாறும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியை நீட்டினாள். "அண்ணே, சீக்கிரம் ஓடுங்க. வெளிய குதிச்சிரப்போவுது!"

வாளியும் கையுமாக அவர் ஓடினார். "வழி விடுங்க! மீன் வருது!" என்று ஓம்சின் முன்னால் ஓடினான். பக்கத்து மேசைப் பிள்ளைகள் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். வாளித் தண்ணீர் பாதி அவர் கால்சட்டையில்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முழங்கால் ஆழத்தில் நின்றவரிடம் பைபுவா அதிகாரம் செய்தாள். மீனைத் தொடச் சொன்னாள். கண்ணை மூடி வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அவர் உதடு அசைந்தது. எலுமிச்சையைத்தான் நினைத்திருப்பார்.

வாளி சாய்ந்தது. கொடுவா அவர் காலடியில் ஒரு கணம் நம்பாமல் நின்றது. பிறகு வாலை ஒரு வீசு வீசிக் காணாமல் போனது.

கரையே ஓவென்று கத்தியது. ஆசைப்பட்டதைக் கடலில் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கத்தினார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக எனக்குப் பெருமையாக இருந்தது.

மேசைக்குத் திரும்பியதும் அவர் உணவுப் பட்டியலை மூடி வைத்தார்.

"தங்கச்சி, எல்லாருக்கும் ஆம்லெட் சோறு போதும். மீன் வேண்டாம்."

பைபுவா நிமிர்ந்தாள்.

"கடலுக்கு வந்துட்டு யாராச்சும் ஆம்லெட் சாப்பிடுவாங்களாப்பா?"

அவள் விரல் மறுபடி தொட்டியை நோக்கி நீண்டது. "அக்கா, அந்த ரெண்டாவது பெருசு. ஆவியில வச்சு, எலுமிச்சை நிறையப் புழிஞ்சு."

வீரயுத் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் கேட்டேன். "அப்ப... அது?"

"அது விடுறதுக்கு. இது திங்கிறதுக்கு." மக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போலச் சொன்னாள்.

பிறகு என் பக்கம் சாய்ந்து, காதில் குசுகுசுத்தாள்.

"இன்னிக்கு அப்பாவுக்குப் பிறந்தநாள்மா. நீயும் மறந்துட்டியா?"

வீரயுத் குனிந்து, நனைந்த கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்கும் ஞாபகமில்லை.