புதுக் கார்டு போட்டதிலிருந்து

"கிராபிக்ஸ் கார்டாம் கிராபிக்ஸ் கார்டு. இருந்த படத்தையும் காணாம அடிக்கிறதுக்கு எதுக்குப்பா புதுசு?"

எர்லிந்தா போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டரில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த பையன்கள்கூட ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரு நாட்டு லீமாவில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நிக்கானோரின் இன்டர்நெட் கடையில் ஒரு மாதமாக ஞாயிறுதோறும் இதே பூசைதான்.

மூலைக் கடைக்கு விளையாட ஓடிவிட்ட பையன்களை இழுக்கத்தான் எட்டாம் நம்பர் கம்ப்யூட்டருக்குப் படம் பளிச்சென்று தெரிகிற நல்ல கார்டாக வாங்கிப் போட்டான். பையன்களும் வந்தார்கள். ஆனால் ஞாயிறு காலையில் அந்த நாற்காலி எர்லிந்தா வீட்டுக்கு. மிலானில் வேலை பார்க்கும் மகன் பெர்சியை எர்லிந்தாவும் மருமகள் யானினாவும் பேத்தியும் பார்த்துப் பேசுவது அங்கேதான். கோயிலுக்குப் போட்ட நல்ல உடுப்போடு, வழியில் வாங்கிய சூடான தமாலே கொழுக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வந்துவிடுவார்கள்.

புதுக் கார்டு போட்ட முதல் நாளே, பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கோளாறு. பெர்சியின் குரல் வருகிறது, முகம் வரவில்லை. கறுப்புக் கட்டம்தான்.

"என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அங்கதான் ஏதோ பிரச்சனை," என்றான் பெர்சி மிலானிலிருந்து.

நிக்கானோரும் பார்க்காத வைத்தியம் இல்லை. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். கரண்டு போதவில்லையோ என்று பெரிய பவர் சப்ளை மாட்டினான். ஒயரை மாற்றினான், கேமராவை மாற்றினான், விண்டோஸையே புதிதாகப் போட்டான். பையன்களின் விளையாட்டு கண்ணாடி மாதிரி ஓடியது. பெர்சி மட்டும் கறுப்பாகவே இருந்தான்.

"என் மருமக வாரம் பூரா சந்தையில ஜூஸ் பிழியறா. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் தலையை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசிட்டு வரா. புருஷன் முகத்தைக்கூடப் பார்க்க விடாம பண்ணிட்டியே. நீ நல்லா இருப்பியா?"

"அதானே," என்றாள் பக்கத்துத் தடுப்பில் இருந்தவள். "தெரியாத வேலையில எதுக்குக் கையை வைக்கணும்?"

ஊருக்கு இளைத்தவன் கடைக்காரன். ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள்.

"விடுங்க அத்தை, குரல் கேட்குதே," என்றாள் யானினா. மாமியாருக்கு முன்னால் அவள் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டது நிக்கானோருக்கு இன்னும் வலித்தது. அந்தப் பெண்ணுக்காகவாவது இன்றைக்கு இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"அதை எதுக்குக் கழட்டற?" என்றார் எர்லிந்தா.

"புதுசைத் தூக்கிட்டுப் பழைய கார்டையே போடறேன்மா. எனக்குப் பையன்களும் வேண்டாம், ஏச்சும் வேண்டாம்."

போட்டான். அப்போதும் கறுப்புதான்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருத்தி ஸ்பெயினில் இருக்கும் அக்காவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அக்காவின் தங்கப்பல் வரைக்கும் தெரிந்தது. அவளிடம் கெஞ்சி இடம் வாங்கி, அதிலிருந்து பெர்சியைக் கூப்பிட்டுப் பார்த்தான். அங்கேயும் குரல் வந்தது, முகம் வரவில்லை.

நிக்கானோருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு மாதம் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் சேர்த்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னான்.

"கார்டுல ஒண்ணுமில்லம்மா. உங்க பையன்தான் கேமராவை அணைச்சு வச்சிருக்கான்."

யானினா மைக்கின் பக்கம் குனிந்தாள்.

"பெர்சி, நீயா..."

அவள் முடிப்பதற்குள் எர்லிந்தா எட்டி மைக்கைப் பிடுங்கினார்.

"கையாலாகாதவனுக்குப் பேச்சைப் பாரு. இவன் கெடுத்துட்டு என் பையன் மேல பழி போடறான். அங்க ஒரு கிழவனுக்கு ராப்பகலா பணிவிடை செஞ்சு அவன் எலும்பு தேய உழைக்கிறான். எழுந்திரு யானினா, இந்த மூஞ்சியில முழிக்கவே வேண்டாம்."

மருமகளையும் பேத்தியையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். கடையில் இருந்தவர்கள் நிக்கானோரைத்தான் முறைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் எர்லிந்தா மட்டும் திரும்பி வந்தார். அடுத்த ரவுண்டுக்கு வந்திருக்கிறார் என்றுதான் நிக்கானோர் நினைத்தான். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அடுத்த வாரம் உன் கார்டுதான் சரியில்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடு."

"அதுல கோளாறே இல்லம்மா."

"தெரியும். கேமராவை அணைக்கச் சொன்னதே நான்தான்."

நிக்கானோருக்கு ரத்தம் கொதித்தது. "அப்புறம் எதுக்கு இத்தனை நாளா என்னை நாயா திட்டினீங்க?"

"உன்னைத் திட்டாட்டி அவ அவனைக் கேட்பா. விஷயம் தெரிஞ்சா குழந்தையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவா. அவ பிழியற ஜூஸ்லதான்பா நான் சாப்பிடறேன். என் பையன் எனக்கு எதுவும் அனுப்பறதில்லை."

எர்லிந்தா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நீ கார்டு போட்ட அன்னிக்கு யானினா குழந்தையை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா. நான் மட்டும்தான் பார்த்தேன். அவனுக்குப் பின்னாடி எப்பவும் மங்கலா ஒண்ணு தெரியும், துணிமூட்டைன்னுதான் நாங்க நினைச்சோம். உன் புதுக் கார்டுலதான் தம்பி, அது தொட்டில்னு தெரிஞ்சுது."