மைக் பிடித்த கை

"அண்ணே, தள்ளி நில்லுங்க. திரையில படம் வருதான்னு பார்க்கணும். எதுவா இருந்தாலும் அப்புறம்!"

ஆராய்ச்சி மாணவி போட்ட சத்தத்தில் காப்பறைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். துறையின் பழைய கேசட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. கருத்தரங்கு நாட்களில் பேச்சைப் பதிவு செய்வதும், கேள்வி கேட்பவர் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுவதும் அவர்தான். மாணவர்கள் வைத்த பெயர் 'தொணதொண'.

"ஒரே நிமிஷம்மா. அந்த கேசட் விஷயமா..."

"பத்து நிமிஷத்துல பேசணும்ணே. உயிரை வாங்காதீங்க!"

போய்விட்டார்.

அவளுக்கு இன்று வாழ்வா சாவா. கருத்தரங்கில் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றால் துறைத்தலைவர் குறிப்பேட்டில் எழுதிவிடுவார். ஆராய்ச்சியைத் தொடர அடுத்த வருஷ அனுமதி கிடையாது. பாதி நாள் ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றுகொண்டே இவ்வளவு தூரம் வந்தவள். தூக்கிவிட யாரும் இல்லை, தள்ளிவிடத்தான் ஆள் இருந்தது.

மெல்லிசை மேடைகளுக்குத் தாளப்பெட்டி எப்போது வந்தது என்பதுதான் ஆராய்ச்சி. டிரம்ஸ் அடிக்கிற ஆளின் இடத்தில் பட்டனைத் தட்டினால் தாளம் போடுகிற பெட்டி.

பேச்சு அமர்க்களமாகப் போனது. கடைசியாக ஒரு கேசட் உறையைத் திரையில் காட்டினாள்.

"பாருங்க, உறையிலயே வருஷம் இருக்கு. எண்பத்திரண்டு. ரேடியோவுல இந்தச் சத்தம் கேக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே ஒரு மேடைக் குழு வாசிச்சுட்டாங்க. பழைய சாமான் கடையில அரை நாள் பேரம் பேசி வாங்கின கேசட் இது."

பாட்டைப் போட்டாள். பெட்டித் தாளம் டக்கு டக்கென்று அறையை நிறைத்தது. கைதட்டல்.

முதல் வரிசையில், வெளியூரிலிருந்து வந்திருந்த பெரிய பேராசிரியர் பேனாவை உயர்த்தினார். அவர் மடியிலும் ஒரு கேசட். விஷயம் தெரிந்த மனுஷன் என்று அவளுக்குப் பூரிப்பு. அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும், அனுமதி என்ன, வேலையே கிடைக்கும்.

மைக் அவரிடம் போக வேண்டும். போகவில்லை.

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம்," என்றார் காப்பறைக்காரர், மைக்கைத் தன் வாய்க்கே வைத்துக்கொண்டு. "அந்தப் பெட்டி எத்தனை கிலோ இருக்கும்?"

சிரிப்பு.

"மூணு கிலோ," என்றாள் பல்லைக் கடித்து.

"கரண்ட் போயிட்டா?"

"பேட்டரி."

"சரி. பாடறவருக்கு நடுவுல இருமல் வந்துடுது. டிரம்ஸ்காரரா இருந்தா நிறுத்துவார். பெட்டி நிறுத்துமா?"

"நிறுத்தாது!"

"ஐயோ பாவம். அப்ப இருமிக்கிட்டே பாடணுமா?"

துறைத்தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பேராசிரியர் பேனாவை ஆட்டி ஆட்டிக் கை வலித்து மாற்றிக்கொண்டார். மைக் இல்லாத கேள்வி பதிவில் சேராது, பதிவில் சேராதது கேள்வியே இல்லை. அந்த அறையின் சட்டம் அது. தொணதொண இருமலிலிருந்து தும்மலுக்குப் போய், தும்மலிலிருந்து பெட்டியைத் துடைக்கிற துணிக்குப் போனார்.

கதவைத் தட்டினார்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள்.

"நேரம் முடிஞ்சுது," என்றார் துறைத்தலைவர் எரிச்சலோடு. குறிப்பேட்டில், 'கேள்விகள் கேட்கப்பட்டன. பதில் சொல்லப்பட்டது.'

வராந்தாவில் காப்பறைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? அந்தப் பேராசிரியர் வாயால ஒரு கேள்வி வராதான்னு நாலு மாசமா தவம் கிடந்தேன். கிலோ கேக்கறீங்க, கிலோ! என்ன, புளியா விக்கிறேன்?"

காப்பறைக்காரர் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"அவர் மடியில இருந்தது நம்ம காப்பறை கேசட்மா. நீங்க காட்டின அதே உறை. உங்க கட்டுரைச் சுருக்கத்தைப் படிச்சுட்டு, காலையில கேட்டு வாங்கி முழுசாப் போட்டுப் பார்த்தார். நானும் பக்கத்துல இருந்தேன். அதுல பெட்டியே இல்ல. பூரா மனுஷன் அடிச்ச டிரம்ஸ்."

"அப்ப என்னோடது?"

"உறை எண்பத்திரண்டுதான். உள்ள இருக்கற கேசட் பின்னாடி வந்தது. கடைக்காரன் ஏதோ ஒரு உறையில எதையோ போட்டு வித்திருக்கான்."

அரை நாள் பேரம் அவள் கண்முன்னே வந்து போனது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையிலேயே சொல்லி..." என்று ஆரம்பித்தவள், பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

"பேராசிரியர் இன்னும் டீ குடிச்சு முடிக்கல. அவர் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க. துறைத்தலைவர்கிட்டயும் சொல்லுங்க. கட்டுரையை எழுத்துல கொடுக்க வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் இருக்கு, திருத்திடலாம்."

எழுந்தாள். நாலு எட்டு நடந்து திரும்பினாள்.

"எல்லாரும் உங்களைத்தானே பார்த்துச் சிரிச்சாங்க. மைக்கை அவர்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்கலாமேண்ணே?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு பையன் பேசினப்ப, நான் சரியான கேள்வி ஒண்ணு கேட்டேன்மா. அவனால பதில் சொல்ல முடியல. எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க," என்றார். "அவன் அதோட படிப்பையே விட்டுட்டுப் போயிட்டான்."