மூட்டையின் உயரம்

கொல்லையில் வில் பழகும் செவ்வந்தியிடம், பத்து வருஷம் தாங்குகிற இலக்காகப் பார்த்துச் செய் என்று அப்பா சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பேச்சை விட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? தெர்மாகோல் நான்கே நாளில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வைக்கோல் கட்டு மழையில் நனைந்து முளைவிட்டது. கடைசியில் தையல்கடைத் துண்டுத்துணிகளை உரச்சாக்கில் போட்டு, ஏறி மிதித்து, இம்மி இடமில்லாமல் அடைத்தாள். அம்பு பாதியில் நின்றது. இழுத்தால் நோகாமல் வந்தது.

"கெட்டிக்காரிடி நீ!" என்ற அப்பா, மூட்டையைத் தானே சுவரில் கட்டித் தொங்கவிட்டார்.

"ரெண்டு சாண் எறக்கமா இருக்கேப்பா."

"தங்கச்சி உயரத்துக்குச் சரியா இருக்கும்மா," என்றார் முடிச்சை இறுக்கியபடி. "உன்னத்தான் ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்களே."

செவ்வந்தி திரும்பினாள். படியில் நின்ற தங்கை மணிமொழி, அக்காவின் தோல் கையுறையை ஏற்கெனவே மாட்டியிருந்தாள்.

"ஒரு அம்பு விட்டுக் காட்டு. அவ பாத்துக்கட்டும்," என்றார் அப்பா.

செவ்வந்தி தன் நெஞ்சு உயரத்துக்கு நேராகவே விட்டாள். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. காரை பெயர்ந்து விழுந்தது. அம்பு வளைந்து தரையில் கிடந்தது.

"என்னம்மா, ஒனக்கே குறி தப்பிடுச்சு!" அப்பா சிரித்தார்.

மணிமொழி சிரிக்கவில்லை. சுவரில் பெயர்ந்த இடத்தையே பார்த்தாள். பிறகு குதிகால்களை மெல்ல உயர்த்தி, அது தன் நெஞ்சுக்கு நேராக வருகிறதா என்று பார்த்தாள்.