பக்கத்து வீடு விலைக்கு

"உன்னைக் கொன்னு போட்டுட்டுத்தான்டி மறுவேலை." கணவன் வீசிய வாணலி சுவரில் மோதி விழுந்தது. மனைவி அலறினாள். கண்ணாடி நொறுங்கியது.

பக்கத்து வீட்டை விலைக்குப் பார்க்க வந்த தம்பதி, சமையலறையைக்கூட எட்டிப் பார்க்காமல் படியிறங்கிவிட்டார்கள்.

"ஏழாவது பார்ட்டியும் ஓடிட்டாங்க சார்." தரகர் வாசலில் நின்றபடியே வீட்டுக்காரரிடம் போனில் புலம்பினார். "பக்கத்துல தினம் வெட்டு குத்துன்னா யாரு வாங்குவா? இன்னும் ரெண்டு லட்சம் குறைங்க."

சண்டை நடந்த வீட்டுக்குள், கதவில் காதை வைத்திருந்த மனைவி நிமிர்ந்தாள். "இன்னும் கொஞ்சம் இறங்கினா, நாம சேத்து வச்சிருக்கிற காசுக்குள்ள வந்துடும்ங்க."

கணவன் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். "வெறும் சத்தத்துக்கு இதுக்கு மேல இறங்காதும்மா."

"அப்ப நாளைக்கு ஆள் வர்றப்போ என்னை வெளியே இழுத்துப்போட்டு நிஜமாவே ரெண்டு வைங்க. முகத்துல மட்டும் வேணாம். பத்திரப் பதிவுல போட்டோ எடுப்பாங்க."