பார்த்த உயிரினங்கள்

மனித குலத்தில் பொய்யே எழுதாத கை ஒன்று உண்டென்றால் அது தன்னுடையதுதான் என்று, படகு கரையை விட்டு விலகும்போதே சேரலாதன் அறிவித்தான். கடல் காப்பகமாக்கலாமா என்று அரசு யோசித்துக்கொண்டிருந்த பவளத்திட்டைப் பார்க்க, கல்லூரியிலிருந்து பன்னிரண்டு பேர் ஒருநாள் பயணம் வந்திருந்தார்கள். பார்த்த உயிரினங்களை ஆளுக்கொரு படிவத்தில் எழுதி அரசுக்குத் தர வேண்டும். போன மாதம் வந்தவர்கள் அத்தனை பேரும் ஆமை பார்த்ததாக எழுதியிருந்தார்களாம்.

"ஆமை என்ன அட்டெண்டன்ஸ் குடுக்கவா வருது?" என்றான். படகே சிரித்தது. ஓட்டிவந்த மிக்கேல் மட்டும் சிரிக்கவில்லை.

திட்டின் மேல் படகை நிறுத்தியதும் சேரலாதன் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் நீட்டினான். சாம்பலாய்ச் செத்த பவளம், அதன்மேல் கிழிந்த வலை. ஒரு மீன்கூட இல்லை.

"என்ன தெரியுது தம்பி?" என்றார் மிக்கேல்.

"ஒண்ணுமில்லண்ணே."

"அப்படியே எழுதினா காப்பகமும் இல்லன்னுருவாங்க. இழுவைப் படகெல்லாம் வந்து மிச்சப் பவளக் கல்லையும் வழிச்சிட்டுப் போயிரும்."

"காப்பகம் வந்தா நீங்களும் இங்க வலை போட முடியாதேண்ணே."

"இப்ப மட்டும் என்னத்த போடுறேன். உங்களத்தான் ஏத்திக்கிட்டு வாரேன்."

கரைக்கு வந்ததும் எல்லோரும் மணலில் உட்கார்ந்து எழுதினார்கள். சேரலாதன் படிவத்தை இடது கையால் மறைத்துக்கொண்டு 'ஆமை' என்று எழுதினான். எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்று என்று போட்டான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனியாக என்ன செய்யும் என்று இரண்டாக்கினான்.