ஒரு எழுத்துகூடப் போகாது

“கரண்ட் போயிட்டா?”

“பேட்டரி இருக்கு மாஷே. ஒரு எழுத்துகூடப் போகாது” என்றான் ஜிஜோ, தன் கம்ப்யூட்டர் கடையில் பழைய லேப்டாப்பைப் புதியதோடு இணைத்தபடி.

“சாயா கொட்டிட்டா?”

ஜிஜோ, பள்ளி ஆசிரியரான வேலாயுதன் மாஷின் டீ கிளாஸைத் தள்ளி வைத்தான்.

சரளா டீச்சர் பெருமையாகச் சிரித்தார். “பன்னெண்டு வருஷமா எழுதின நாவல் மோனே, அதான் என் வீட்டுக்காரருக்குப் பதற்றம். ஓணத்துக்கு நம்ம ஊர் வாயனசாலை லைப்ரரியில வெளியீடு. நோட்டீஸ் அடிச்சு, எம்.எல்.ஏ.வையும் கூப்பிட்டாச்சு. இருங்க, சாயாவுக்குப் பழம்பொரி வாங்கிட்டு வரேன்.”

பன்னிரண்டு வருட இலக்கியம் இரண்டே நொடியில் புதிய லேப்டாப்புக்குக் குடிபெயர்ந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று ஜிஜோவுக்குச் சந்தேகம். ‘நாவல்’ என்ற ஃபோல்டரைத் திறந்தான். நாற்பத்தொரு கோப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு புதுத் தலைப்பு. அதன் கீழே, ‘பொறுமையோடு காத்திருந்த சரளாவுக்கு’ என்று சமர்ப்பணம். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

“எல்லாம்... பத்திரமா வந்துடுச்சு மாஷே.”

மாஷ் வாசலைப் பார்த்தார். டீச்சர் கையில் பொட்டலத்தோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

“மோனே, காப்பி பண்றப்போ எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்?”