எதுர்னே நீட்டிய நாக்கு

"என் தங்கச்சி உதட்டைக் கடிக்கிறா. கையில ரெண்டு ராஜா வச்சிருக்கா," என்று எர்ராமுன் மதுக்கடைக்கே கேட்கும்படி அறிவித்தார்.

முஸ் சீட்டாட்டத்தில் கூட்டாளிக்குச் சைகை காட்டலாம். கூட்டாளி அதைத் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். எர்ராமுனிடம் எந்த ரகசியமும் தங்காமல் போய் இரண்டு வருஷமாகிறது.

அம்மா வழியில் வந்த மூளைத் தேய்வு. அண்ணனுக்கு வலப்பக்கத்தில் தொடங்கியது, தங்கை எதுர்னேவுக்கு இடப்பக்கத்தில். அவர் வாய்க்குப் பூட்டில்லை. அவளுக்குப் பேச்சே போய்விட்டது. போகப்போக முற்றும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எதிரே பழைய சிநேகிதர்கள் கோல்தோவும் அவன் மனைவி லெயிரேவும். சீட்டு இப்படி அம்பலமான பிறகு ஜெயிப்பது பாவம் என்று ஞாயிறுதோறும் விட்டுக்கொடுத்துத் தோற்றார்கள். அந்தப் பெருந்தன்மையை ஊர் முழுக்கச் சொல்லவும் மறக்கவில்லை.

லெயிரேவுக்கு அலுத்துவிட்டது. "இன்னியோட போதும் கோல்தோ. கடைசி ஆட்டத்தையாவது ஒழுங்கா ஆடி ஜெயிச்சுட்டுக் கிளம்புவோம்," என்றாள். எதுர்னேவின் காதருகேதான் சொன்னாள். பேச்சு போனவளுக்குப் புரிவதும் போயிருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

இவர்கள் எழுந்துபோனால் அண்ணன் தங்கையோடு சீட்டாட ஊரில் வேறு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சீட்டு போட்டார்கள். எதுர்னே நாக்கு நுனியை நீட்டினாள்.

"ரெண்டு ஏஸ்தான். வேற ஒண்ணும் தேறாது," என்றார் எர்ராமுன்.

கோல்தோ கையில் இரண்டு ராஜா. முஸ்ஸில் ராஜாதான் பெரிய சீட்டு, ஏஸ் கடைசி; முதல் பந்தயம் பெரிய சீட்டு வைத்திருப்பவருக்கு. "ஓர்தாகோ" என்று மொத்த ஆட்டத்தையும் அதன்மேல் வைத்தான். "பயமா இருக்கா எதுர்னே கண்ணு?" என்று குழந்தையிடம் கேட்பதுபோல் கொஞ்சினான்.

அவள் தலையாட்டி ஏற்றுக்கொண்டு சீட்டை விரித்தாள். மூன்று ராஜா.

"உனக்கு ஆடவே தெரியல கோல்தோ," என்றார் எர்ராமுன்.

லெயிரே மெதுவாகக் கேட்டாள். "அப்ப இத்தனை நாளா நாம விட்டுக்கொடுத்தோமா, இல்ல இவதான் நம்மள ஜெயிச்சாளா?"

கோல்தோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்ச் சைகையா காட்டுற? ஏமாத்துக்காரி. அடுத்த ஞாயிறு வா, உன்னை உண்டு இல்லைன்னு பண்றேன்," என்று மேஜையைக் குத்தினான்.

பேச்சு போனதிலிருந்து அவளை ஒரு மனுஷர்கூடத் திட்டியதில்லை. எதுர்னேவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.